ஒரு ‘ரன்’, ஏழு அகராதிகள்: சென்னையில் எதை வாங்கலாம்?

ஆங்கில அகராதி வாங்கப் போகிறவர்கள் கடையில் இரண்டு காரியம் செய்வார்கள். அட்டையில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு வாயில் நுழையாத ஒரு சொல்லைத் தேடுவார்கள். அது இருந்துவிட்டால் திருப்தியாகப் பணத்தை எடுப்பார்கள். இந்த இரண்டாவது சோதனை வீண். கடினமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். ‘போட்டோசிந்தசிஸ்’ என்றால் ஒளிச்சேர்க்கை, அவ்வளவுதான். அதைச் சொல்வதில் எந்த அகராதிக்கும் சிரமம் கிடையாது. அகராதிகள் திணறுவது மூன்றெழுத்துச் சொற்களிடம்: செட், புட், கெட், ரன்.

அவற்றில் ‘ரன்’ தனி ரகம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தபோது அதிக இடத்தை அடைத்துக்கொண்டது ‘செட்’ என்ற வினைச்சொல், 430 பொருள். பிறகு இணையத்தில் தொடங்கிய மூன்றாம் பதிப்புத் திருத்தத்தில் முதலிடம் கைமாறிக்கொண்டே வந்து, 2011-இல் ‘ரன்’ அதைப் பிடித்தது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு பதிவைத் திருத்தி முடிக்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நமக்கு 645 தேவையில்லை. நாளிதழ், அலுவலகக் கடிதம், போட்டித் தேர்வு, வாடகை ஒப்பந்தம், ஒரு நாவல் என்று சராசரி வாசிப்பில் எதிர்ப்படுபவை சில பத்துகள்தான். அந்தச் சில பத்துக்குள் நமக்கு வேண்டியதை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சரியாக எடுத்துத் தருகிறது என்பதுதான் இங்கே அளவுகோல். எத்தனை பொருள் தருகிறது என்பதல்ல. எது ஓடுகிறது, யார் எதை ஓட்டுகிறார் என்று காட்டுகிறதா என்பதே கேள்வி. ஏன் என்றால், தமிழில் எந்த வினைச்சொல் பொருந்தும் என்பதை முடிவு செய்வது அந்த எழுவாயும் செயப்படுபொருளும்தான்.

கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் ‘ஓடு’ ஒன்றும் சளைத்ததல்ல. படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மோட்டார், தறி, ஃபேன் எல்லாம் ஓடுகின்றன, பிழைப்பு ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. இதில் பாதிக்கு மேல் ஆங்கில ‘ரன்’னோடு ஒத்துப்போகும். ‘ட்ரையல் ரன்’னுக்கு வெள்ளோட்டம் என்று அருமையான சொல் கைவசம் இருக்கிறது, மெட்ரோ ரயில் செய்திகளில் சோதனை ஓட்டம் என்று எழுதுகிறார்கள், அதுவும் சரி. இப்படி ஒத்துப்போகும் தைரியத்தில்தான் மற்ற இடங்களில் சறுக்குகிறோம்.

மூக்கு ‘ரன்’ ஆனால் தமிழில் ஒழுகுகிறது. துணியின் சாயம் ‘ரன்’ ஆனால் போகிறது. குழாய் ‘ரன்’ ஆனால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. காய்ச்சலை ஒருவர் ‘ரன்’ செய்தால் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது. கடற்கரைச் சாலை ‘ரன்’ ஆனால் அது கடலை ஒட்டிப் போகிறது. வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு ‘ரன்’ ஆனால் 11 மாதம் செல்லுபடியாகும். பத்திரிகை ஒரு கட்டுரையை ‘ரன்’ செய்தால் வெளியிடுகிறது. மேயர் பதவிக்கு ஒருவர் ‘ரன்’ செய்தால், அவர் தேர்தலில் நிற்கிறார்! ஓடுகிறவர் நிற்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் வேட்பாளர் ‘ஸ்டாண்ட்’தான் செய்வார், ‘ரன்’ அமெரிக்க வழக்கு. நம் ஊர் ஆங்கில நாளிதழ்கள் இரண்டையும் விட்டுவிட்டு ‘கன்டெஸ்ட்’ என்று எழுதும். இந்த வட்டார வேறுபாட்டைக் குறிக்கிறதா என்பதும் அகராதியில் பார்க்க வேண்டிய ஒன்று.

செயப்படுபொருள் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். வண்டியை ஓட்டலாம், பள்ளியை நடத்த வேண்டும், கணினி நிரலை இயக்க வேண்டும், ரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும், குளியல் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். ‘கடையை ஓட்டுகிறார்’ என்றும் தமிழில் சொல்கிறோமே என்றால், அதில் எப்படியோ சமாளிக்கிறார் என்ற தொனி ஏறிவிடுகிறது. ‘குடும்பத்தை ஓட்டுகிறார்’ என்பதிலும் அதே பற்றாக்குறை வாடை. ஆங்கில ‘ரன்’னில் அந்த வாடை கிடையாது. பெரிய நிறுவனத்தின் தலைவரைப் பற்றிய செய்தியில் ‘நிறுவனத்தை ஓட்டுகிறார்’ என்று மொழிபெயர்த்தால் கம்பெனி திவாலாகப் போகிறது என்றுதான் வாசகர் நினைப்பார்.

இனி அகராதிகளுக்கு வருவோம்.

சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ் அகராதி, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது; பிறகு ஒரே தொகுதியாகவும் அச்சாயிற்று. மொழிபெயர்ப்பாளர் மேசையில் இது இல்லாமல் இருக்காது. ஒரு சொல்லை எடுத்தால் பெயர்ச்சொல்லுக்கான தமிழ்ச் சொற்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாக அடுக்கும்; அதே பத்தியில் வினைச்சொல்லுக்கானவை தொடரும். இடையிடையே வேதியியல், மருத்துவம், சட்டம், பேச்சுவழக்கு என்று துறைக் குறிப்புகள் சுருக்கமாக வரும். எடுத்துக்காட்டு வாக்கியம் கிடையாது.

இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ‘ரன்’ போன்ற சொல்லுக்கு இது தருவது ஒரு தமிழ்ச் சொற்களஞ்சியம். ஆங்கில வாக்கியத்தின் பொருள் உங்களுக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது, தமிழில் சரியான சொல் மட்டும் நாக்கு நுனியில் நிற்கிறது என்றால், அந்த வரிசையில் கண்ணை ஓட்டினால் போதும், கிடைத்துவிடும். பொருளே புரியாமல் இதைத் திறந்தால் சிக்கல். எந்தத் தமிழ்ச் சொல் எந்தச் சூழலுக்கு என்று சொல்லும் வாக்கியம் இல்லாததால், முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்வோம். மாணவர்களின் மொழிபெயர்ப்பில் வரும் விசித்திரங்களில் பெரும்பங்கு இப்படிப் பிறந்தவைதான். அகராதியின் குற்றம் இல்லை. அது வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டது. இன்னொன்று: இது கணினிக் காலத்துக்கு முந்தைய நூல். நிரலை இயக்குவது, மென்பொருள் ‘ரன் டைம்’ போன்றவற்றை இதில் தேடுவது நியாயமில்லை. அச்சுப் பிரதி கையில் இல்லாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

லிஃப்கோ அகராதியைப் பற்றிச் சென்னைவாசிகளுக்கு அறிமுகம் தேவையில்லை. தியாகராய நகர் நிறுவனம். தலைமுறைகளாகப் பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருப்பது. ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அமைப்பு: முதலில் ஆங்கிலத்தில் சுருக்கமான பொருள், பக்கத்தில் தமிழ். ஒரு கட்டுரை வாசிக்கும்போது தடுக்கிய சொல்லைச் சட்டென்று பார்த்துவிட்டு வாசிப்பைத் தொடர இதைவிட வேகமான அச்சுப் புத்தகம் இல்லை. ஒருபொருள் சொல், இருபொருள் சொல் வரைக்கும் நன்றாக வேலை செய்யும். ‘ரன்’னிடம் சுருக்கமே எதிரியாகிவிடுகிறது. பொருள்களை நெருக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதால், ‘அவுட்’, ‘இன்டூ’, ‘ஓவர்’ சேர்ந்த கூட்டு வினைகளுக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பிள்ளைக்கு இது போதுமா என்று கேட்கிற பெற்றோருக்குப் பதில்: எட்டாம் வகுப்பு வரை போதும்.

அதற்கு மேல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி. லிஃப்கோவைவிடப் பருமன், ஆங்கில விளக்கத்தோடு எடுத்துக்காட்டுகளும் வருகின்றன. தமிழ் நடை கொஞ்சம் பாடநூல் வாடையோடு இருக்கும். ஒரே ஒரு அச்சு அகராதிதான் வாங்க முடியும், தமிழும் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே.

உண்மையில் ‘ரன்’ சோதனையில் தேறுவது தமிழே இல்லாத ஒரு புத்தகம்: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது உருவானது. 1942-இல் டோக்கியோவில் வேறு பெயரில் அச்சாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்துக்கு வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காகவே கட்டப்பட்டது என்பதால் நம் தடுமாற்றம் அதற்குத் தெரியும். விளக்கங்களை எழுதப் பயன்படுத்தும் சொற்களையும் சுமார் 3000 எளிய சொற்களுக்குள் அடக்கியிருக்கிறார்கள். விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு முறை அகராதியைப் புரட்ட வேண்டிய தொல்லை அரிது.

‘ரன்’ வினைச்சொல்லைத் திறந்தால் ஒவ்வொரு பொருள் தொகுதிக்கும் தலையில் ஒரு சிறு வழிகாட்டி இருக்கும்: காலால் விரைவாகச் செல்வது, பந்தயம், நிர்வகிப்பது, வாகனம்–இயந்திரம், பேருந்து–ரயில், திரவம், நிறம், காலம் நீடிப்பது, செய்தித்தாள், தேர்தல், காலுறை. அதாவது எழுவாயையோ செயப்படுபொருளையோ வைத்தே பிரித்திருக்கிறார்கள். நம் தேவைக்கு இதைவிடப் பொருத்தமான பிரிப்பு இருக்க முடியாது. உங்கள் வாக்கியத்தில் ஓடுவது சாயமா, ரயிலா, ஒப்பந்தமா என்று தெரிந்தால் நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். மீதியை வாசிக்கவே வேண்டாம். செயப்படுபொருள் வேண்டுமா வேண்டாமா, பின்னால் இடச்சொல் கட்டாயமா, பெயரடை வருமா என்ற இலக்கணக் குறிகளும் உண்டு. கையிருப்பு ‘லோ’ ஆவது, கிணறு ‘ட்ரை’ ஆவது, சரக்கு ‘ஷார்ட்’ ஆவது எல்லாம் அந்தப் பெயரடை வகையில் சேரும்; இங்கே ‘ரன்’னுக்கு ‘ஆகு’ என்பதற்கு மேல் பொருளில்லை.

இதைப் பயன்படுத்துவதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. முழுப் பதிவையும் வாசித்துவிட்டு, ‘நான் தேடியது இல்லை’ என்று மூடிவிடுவார்கள். கூட்டு வினைகள் எல்லாம் பதிவின் கடைசியில் தனிப் பகுதியாக, அகர வரிசையில் இருக்கின்றன. மரபுத்தொடர்களோ பெரும்பாலும் ‘ரன்’னின் கீழே இல்லை, அந்தத் தொடரில் வரும் பெயர்ச்சொல்லின் கீழேயோ பெயரடையின் கீழேயோ வைத்திருப்பார்கள். ‘ரன் ரையட்’ வேண்டுமானால் ‘ரையட்’டுக்குப் போக வேண்டும். ‘ரன் ஆஃப் த மில்’ போல இணைப்புக்கோடு போட்டுப் பெயரடையாகிவிட்டது தனித் தலைச்சொல். பெயர்ச்சொல்லான ‘ரன்’னுக்கு வினைச்சொல்லைத் தாண்டித் தனிப் பதிவு.

ஆகவே தேடும் ஒழுங்கு இது. முதலில் அது பெயரா வினையா என்று பாருங்கள். முன்னால் ‘எ’, ‘த’ இருந்தால் பெயர். வினையென்றால் உடனே அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘அவுட்’, ‘இன்டூ’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘அப்’, ‘த்ரூ’, ‘ஆஃப்’ இவற்றில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் நேராகக் கடைசிப் பகுதி. ஒட்டாவிட்டால் எழுவாயைக் கொண்டு வழிகாட்டித் தலைப்பைப் பிடியுங்கள். அதிலும் அகப்படாவிட்டால் அது மரபுத்தொடர். பக்கத்திலுள்ள பெயர்ச்சொல்லைத் தேடுங்கள்.

கூட்டு வினைகளிடம் அவசரப்படக் கூடாது. ‘ரன் இன்டூ’ என்பதற்கு மட்டும் நான்கு வழி. பழைய நண்பரிடம் ‘ரன் இன்டூ’ ஆனால் எதிர்பாராமல் சந்திப்பது. மின்கம்பத்தில் ஆனால் மோதுவது. சிக்கலில் ஆனால் மாட்டிக்கொள்வது. செலவு கோடிகளில் ‘ரன் இன்டூ’ ஆனால் அந்த அளவைத் தொடுவது. ‘ரன் ஓவர்’ இன்னும் மோசம்: நாய்மேல் வண்டி ஏறுவதும் அதுதான், பாத்திரம் நிரம்பி வழிவதும் அதுதான், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவதும் அதுதான், கணக்கை ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பதும் அதுதான். ‘ரன் டவுன்’ வினையாக இருந்தால் பேட்டரி தீர்வது அல்லது ஒருவரை மட்டம் தட்டுவது. இணைப்புக்கோட்டோடு பெயரடையானால் கட்டடத்துக்குப் பாழடைந்த, மனிதருக்குக் களைத்துப்போன. அந்த ஒரு சிறு கோட்டைக் கவனிக்காமல் போனவர்கள் பேட்டரியைப் பாழாக்கியிருக்கிறார்கள்.

லாங்மேன் அகராதியும் இதே வகைதான். விளக்கச் சொற்கள் சுமார் 2000-க்குள் அடங்கும், இணையத்தில் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டா லாங்மேனா என்பது பேருந்தில் இடப்பக்க இருக்கையா வலப்பக்கமா என்பது மாதிரி. காலின்ஸ் கோபில்டு மட்டும் உண்மையிலேயே வேறுபட்டது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987-இல் வந்தது; விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதும் முறையைக் கொண்டது. ஒரு ஆள் ஒரு தொழிலை ‘ரன்’ செய்தால் இன்னது, ஒரு திரவம் ஓரிடத்தில் ‘ரன்’ ஆனால் இன்னது என்று எழுவாயை உள்ளே வைத்தே சொல்லும். இலக்கணக் குறிகளைக் கண்டால் கண்ணைக் கட்டுகிறது என்பவர்களுக்குச் சிறந்த மாற்று. பருமன் தான் குறை.

தமிழ்ப் பக்கத்துக்கு ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. இது ஆங்கிலம்–தமிழ் அல்ல. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருவது. முதல் பதிப்பு 1992, விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 2008, மூன்றாவது 2020. இதன் பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த அதே ஆண்டு நவம்பரில் காலமானார். ‘ரன்’னுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், சரிபார்ப்பு. மொழிபெயர்ப்பில் ‘ஓடு’ என்று எழுதிவிட்டீர்கள். இக்காலத் தமிழில் ஓடு அந்தப் பொருளில் உண்மையிலேயே வழங்குகிறதா? இதில் ஓடு, ஓட்டு, நடத்து, இயக்கு, ஒழுகு என்று தனித்தனியாகத் திறந்து, அங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு உங்கள் வாக்கியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தில் வழங்கும் தமிழிலிருந்து திரட்டிய வாக்கியங்கள் என்பதால் நம்பலாம். ஓடு என்ற பெயர்ச்சொல், கூரையில் வேய்வதும் ஆமையின் முதுகில் இருப்பதும், தனிப் பதிவு, குழப்பம் வராது. இந்தத் திரும்பிப் பார்க்கும் வேலையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. தொழில்முறை மொழிபெயர்ப்புக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம் பாதி இதில்தான்.

கைப்பேசியில் கூகுள் மொழிபெயர்ப்பு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் இன்று அது பெரும்பாலும் ஒப்பேற்றிவிடுகிறது. சொல்லை மட்டும் தனியாகக் கொடுத்தால்தான் ‘ஓடு’ என்று கையை விரிக்கும். எனவே ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் சேர்த்துக் கொடுங்கள். பிறகு வந்த தமிழை மட்டும் எடுத்து மறுபடி ஆங்கிலமாக்கிப் பாருங்கள். ‘நடத்துகிறார்’ போய் ‘மேனேஜ்’ என்றோ ‘ரன்’ என்றோ திரும்பி வந்தால் பரவாயில்லை. ‘டிரைவ்’ என்று வந்தால் எங்கோ பிசகு. குறுந்தலைப்பு, பட்டியல், படிவத்தின் கட்டம் ஆகிய மூன்றிலும் சூழல் இல்லாததால் இயந்திரத்தை நம்பாதீர்கள். தமிழக அரசின் சொற்குவைத் தளம் கலைச்சொற்களுக்கானது. ‘ரன்–ஆஃப்’, ‘ரன்வே’ போன்ற பெயர்ச்சொற்களுக்குப் போகலாம், வினைக்குப் போவது நேர விரயம்.

மேலே சொன்ன எந்த அகராதியையும் வைத்துச் சமாளிக்க முடியாத ஒரு வகை உண்டு: நம் ஊர் ‘ரன்னிங்’. ரயில்வே ஆவணத்தில் ‘ரன்னிங் ரூம்’ என்று வந்தால் அது ஓடும் அறை அல்ல. ரயிலைக் கொண்டுவந்த லோகோ பைலட்டுகளும் ரயில் மேலாளர்களும் (முன்பு கார்டுகள்) அடுத்த பணிக்கு முன் ஓய்வெடுக்கும் விடுதி. அவர்களைத்தான் ‘ரன்னிங் ஸ்டாஃப்’ என்பார்கள். தச்சரோ கிரில் வேலைக்காரரோ ‘ரன்னிங் ஃபீட்’டுக்கு இவ்வளவு என்றால் நீள அடிக் கணக்கு, உயரமோ ஆழமோ அதில் பெருக்கப்படாது. அலமாரி வேலைக்கு விலை பேசும்போது ரன்னிங் அடியா சதுர அடியா என்று கேட்காவிட்டால் பில் வரும்போது தகராறுதான். 10 அடி நீளம், 7 அடி உயரமுள்ள அலமாரி ஒரு கணக்கில் 10, இன்னொரு கணக்கில் 70. ஒப்பந்ததாரர்களின் ‘ஆர்.ஏ. பில்’ என்பதில் ‘ஆர்’ ரன்னிங். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே முடிந்த அளவுக்குக் கேட்கும் இடைக்காலப் பட்டியல். பழைய வண்டி விளம்பரத்தில் ‘ரன்னிங் கண்டிஷன்’ என்றால் கிளப்பினால் ஓடும் என்பதற்கு மேல் எந்த உத்தரவாதமும் இல்லை. இவையெல்லாம் அந்தந்தத் தொழிலின் ஆவணங்களில் இருந்து கற்க வேண்டியவை. பொதுவான மாணவர் அகராதியில் இல்லையே என்று அதன்மேல் பழி போட வேண்டாம்.

கிரிக்கெட் ‘ரன்’ எல்லா அகராதியிலும் இருக்கிறது. தமிழில் ரன் என்றே எழுதலாம். இலங்கைப் பத்திரிகைகள் ஓட்டங்கள் என்று எழுதுகின்றன, இங்கே எழுதினால் கொஞ்சம் வானொலி வர்ணனை போலத் தொனிக்கும்.

பெயர்ச்சொல்லில் மூன்றை மட்டும் சோதித்துப் பார்த்து வாங்குங்கள். ‘பேங்க் ரன்’: வங்கி மூழ்கிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. ‘பிரிண்ட் ரன்’: ஒரே தடவையில் அச்சடிக்கும் பிரதிகள். ‘சிக்கன் ரன்’: கோழிகள் உலாவக் கம்பிவலை போட்டு அடைத்த இடம். மூன்றும் மூன்று திசை; மூன்றுக்கும் பொருளை அனுமானிக்கவாவது வழிகாட்டும் அகராதி மற்ற சொற்களிலும் கைவிடாது.

யாருக்கு எது என்று கேட்டால்: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியை வாங்கிவிட்டு, தமிழுக்கு லிஃப்கோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்க்கிறவர்களுக்கு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி, பல்கலைக்கழக அகராதி, க்ரியா ஆகிய மூன்றும் வேண்டும். இந்த வரிசையில்தான் திறக்கவும் வேண்டும். முதலாவது பொருளைப் பிடிக்க, இரண்டாவது சொல்லைத் தேட, மூன்றாவது அதைச் சரிபார்க்க. வரிசையை மாற்றி நேராகப் பல்கலைக்கழக அகராதிக்குப் போகிறவர்கள்தான் அதைக் குறை சொல்கிறார்கள்.

வாங்கும் இடம். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சியில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். க்ரியா போன்ற கனமான புத்தகத்துக்கு அது கணிசமான தொகை. ஆண்டின் மற்ற நாட்களில் அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸில் நிதானமாகப் புரட்டிப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் விரித்து ஒப்பிட வேண்டுமானால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாராவுக்கோ போய் நோக்கீட்டுப் (ரெஃபரன்ஸ்) பிரிவில் உட்காருங்கள்.

பழைய புத்தகமும் மோசமில்லை. லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் 2005 ஏழாம் பதிப்பு, 2010 எட்டாம் பதிப்பு, 2015 ஒன்பதாம் பதிப்பு எதுவானாலும் ‘ரன்’னுக்கும் அதன் உறவினர்களுக்கும் போதும், 2020 பத்தாம் பதிப்பு புதுச் சொற்களுக்குத்தான் முக்கியம். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளிலும் சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். கள்ளப் பதிப்பைக் கண்டுபிடிக்க உச்சரிப்புக் குறிகளை உற்றுப் பாருங்கள். நகலெடுத்து அச்சடித்ததில் அந்தச் சிறு எழுத்துகளின் வயிறு மையால் அடைபட்டிருக்கும், வரிகள் பக்கத்தின் ஓரத்துக்கு லேசாகச் சாய்ந்திருக்கும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்க எழுத்து கொஞ்சம் தெரிவது இயல்பு. வாசிக்க இடைஞ்சலாகும் அளவுக்குத் தெரிந்தால் விடுங்கள். ‘ஆர்’, ‘எஸ்’ பகுதிகளை ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பாருங்கள். அதிகம் புரட்டப்பட்டுத் தையல் விட்டுப்போவதும் பக்கம் காணாமல் போவதும் அங்கேதான். பழைய பதிப்புகளோடு வந்த சிடி பெரும்பாலும் பையில் இருக்காது. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.